பூசையில் இடித்த கார்

காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்த கையோடு பூசையும் போட்டுவிடலாம் என்றது நான்தான். ஆறு வருடம் ஓடிய காருக்கு இப்போது எதற்குப் பூசை என்று மனைவி கேட்டாள். இனி ஓட்டப்போவது எங்கள் மகள். விவசாயம் படித்தவள். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் போய் ஆலோசனை சொல்லும் வேலை கிடைத்திருந்தது. தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும், அதனால் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அரசாங்கத்துக்குத் திருப்தி. எனக்குத்தான் போதவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் காப்பு ஒன்று, முருகனின் காப்பு ஒன்று என்று இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்துவிட நினைத்தேன்.

பண்பொழி முருகன் கோயில் மலையடிவாரத்தில் மதிலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினோம். அர்ச்சகர் மாலை போட்டு, சந்தனம் தடவி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்தார். மகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, காருக்கு நேர் முன்னால் மதிலோரமாக நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பழம் நசுங்குவது தெளிவாக விழ வேண்டும் என்பது என் கவலை.

வண்டி நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்திருந்தாள். எங்கள் பக்கம் ஒரு வண்டி நகரவில்லை என்றால் சுற்றி நிற்கிற எல்லோருமே டிரைவர்கள்தான்.

"மிதிம்மா, மிதி!"

"கிளச்ச விடு தாயி!"

"பழம் தட்டுது, நல்லா குடு!"

அந்தக் கூச்சலுக்கு நடுவில் அர்ச்சகர் கற்பூரத் தட்டோடு என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, வந்து ஒத்திக்கிடுங்க." நான் பக்கவாட்டில் நகர்ந்து தட்டை நோக்கிக் கை நீட்டினேன். அவளுக்கு அப்போதுதான் ஹேண்ட் பிரேக் ஞாபகம் வந்தது. அதை இறக்கினாள். ஆக்சிலேட்டரில் இருந்த கால் அப்படியே இருந்தது.

மதிலில் மோதிப் பம்பர் பிளந்தது, ஒரு ஹெட்லைட் உடைந்தது. என் செருப்பு காருக்கும் மதிலுக்கும் இடையில் மாட்டியிருந்தது. பழங்கள் எல்லாம் சுத்தமாக நசுங்கியிருந்தன. பூசையில் குறை சொல்ல எதுவுமில்லை.

"முருகன்தான் உங்க கையப் பிடிச்சு இழுத்திருக்கான்" என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்ததும்.

"அப்ப காரைப் பிடிச்சுத் தள்ளுனது யாரு?"

"வாயக் கழுவுங்க மொதல்ல."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பம்பரைப் பற்றி மட்டும்தான் பேசினோம். கிளைம் போடுவதா, கைக்காசைக் கொடுப்பதா? கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி போய்விடும், அடுத்த வருடம் பிரீமியம் ஏறும். கூட்டிக் கழித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று மைத்துனர் போனில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார். செருப்பு கிடந்த இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வீடியோ செல்போனிலேயே இருக்கிறது. இன்றுவரை நான் பார்க்கவில்லை. மகள் சாவி மாட்டியிருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் பாடு அன்றோடு முடிந்திருக்கும். அவள் அதைச் சுமந்துகொண்டு எத்தனை வருடம் இருந்திருப்பாள்? அதற்கு எந்தக் கம்பெனியும் பாலிசி போடுவதில்லை.

நான் கிளைம் என்பதில் உறுதியாக நின்றேன். "வருஷா வருஷம் கட்டுதோம்லா, பின்ன எதுக்குக் கட்டுதோம்?" என்று கொள்கை பேசினேன். சீசன் நேரம். குற்றாலத்துக்கு வரும் கார்களில் பாதி மழையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு தென்காசி ஒர்க்‌ஷாப்புகளில்தான் வந்து நிற்கும். கிளைம் என்றால் சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வர வேண்டும், படம் எடுக்க வேண்டும், அனுமதி வர வேண்டும். அதற்குள் அவள் வேலையில் சேர வேண்டிய தேதி தாண்டிவிடும். ஓட்டாதே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்காகக் கம்பெனி சொல்லிவிடும். நல்ல அப்பா என்ற பெயரும் எனக்கு மிஞ்சும்.

காரை விட்டிருந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஆட்டோவில் போனோம். அவளும் கூட வந்தது எனக்கு ஆச்சரியம்தான். முதலாளி பம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி இடிச்சுதுன்னு எழுதணும்லா அண்ணாச்சி. என்னன்னு எழுதுதிய?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

"எலுமிச்சம்பழம்னு எழுதாதிய. சர்வேயர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. குரங்கு குறுக்க வந்துச்சுன்னு எழுதுங்க. குத்தாலத்துப் பக்கம் குரங்குன்னா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

நான் யோசித்தேன். யோசித்ததை மகள் பார்த்துவிட்டாள்.

"அந்தக் குரங்கு யாருப்பா, நானா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவள் சிரிக்காமல் அவரிடம் கேட்டாள்: "கிளைம்னா எத்தன நாளாகும் அண்ணே?"

"இப்பத்த கூட்டத்துல மூணு வாரம் வச்சுக்கோம்மா. கைக்காசுன்னா நாலு நாள்ல எடுத்துட்டுப் போயிரலாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்குத்தானப்பா கிளைம், கிளைம்னிய?"

நான் ஹெட்லைட்டைப் பார்த்தேன்.

"நாளாக நாளாகப் பயம் கூடிக்கிட்டே போகுதுப்பா. மூணு வாரம் போச்சுன்னா பெறவு நான் தொடவே மாட்டேன். கைக்காசையே குடுங்க. சம்பளம் வந்ததும் தாரேன்."

பக்கத்தில் நின்ற முதலாளி, "பிள்ள வெவரமாத்தான் பேசுதா" என்றார். எனக்கு வேண்டாத சான்றிதழ். பணத்தைக் கொடுத்தேன்.

வண்டி தயாரான அன்று ஒர்க்‌ஷாப் முற்றத்தில் நசுங்கிய கார்கள் நெருக்கியடித்து நின்றன. எங்கள் காரை அவற்றுக்கு இடையில் ஒரு சந்து வழியாகத்தான் வெளியே கொண்டுவர முடியும். நானே எடுக்கிறேன் என்று சாவிக்குக் கை நீட்டினேன். அதற்குள் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"முன்னால நின்னு பாத்துச் சொல்லுங்கப்பா."

நான் ஓரமாக, ஒரு வேனோடு ஒட்டி நின்றேன்.

"அங்கன நின்னா எனக்குத் தெரியல. நடுவுல வாங்க."

முதலாளியைப் பார்த்தேன். அவர் வேறு யாருக்கோ பில் எழுதிக்கொண்டிருந்தார். கற்பூரத் தட்டோடு கூப்பிடவும் யாருமில்லை. நடுவில் போய் நின்றேன். புது பம்பர் என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் உறுமியது, அடங்கியது, மறுபடி உறுமியது. வண்டி அங்குலம் அங்குலமாக என்னை நோக்கி வந்தது.

"வா, வா" என்று கையைக் காட்டிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தேன்.