ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு எழுத்தாளர் வரப்போகிறார், ஆளுக்கு ஒரு கேள்வி யோசித்து வைக்க வேண்டும் என்று டீச்சர் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். வட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியிலும் பக்கத்து சொசைட்டிகளிலும் இருக்கிற தமிழ்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு டீச்சர் வீட்டு ஹாலில் கூடுவோம். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் அங்கே போவது புத்தகத்துக்காக மட்டும் இல்லை. என் கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. மகன் புனேயில் வேலையில் இருக்கிறான். எங்கள் மாடியில் உள்ள மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் நல்லவர்கள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள். வீட்டுக்குள் தமிழ் கேட்க வேண்டும் என்றால் டிவியைப் போட வேண்டும். வட்டத்தில் போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் மனிதர்கள் பேசுகிற தமிழ் காதில் விழும். எனக்கு அது போதும். நான் பத்தாவது வரை படித்தவள். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் வேலை பார்த்தவர்கள். பேச்சு என் பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தால் எழுந்துபோய் டம்ளர்களை எடுத்து வைப்பேன்.

டீச்சர் விதிகளும் எழுதியிருந்தார். எப்படி எழுத வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக் கூடாது. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிகிற கேள்வி நல்ல கேள்வி அல்ல. எல்லோரும் முன்கூட்டியே தனக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குக் கீழே ஒருத்தி, "அப்ப சாப்டீங்களான்னும் கேக்கக் கூடாதா டீச்சர்?" என்று போட்டாள். "சோறு போட்டுட்டுக் கேளு," என்று டீச்சர் பதில் போட்டார்.

அந்த எழுத்தாளர் தெற்கே கடற்கரை ஊர்களில் மீன் கூடையைத் தலையில் வைத்து விற்கிற பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். கதை அல்ல, நடந்தது. அவர்களோடு விடியற்காலையில் ஏலத்துக்குப் போய், பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, தெருத்தெருவாக நடந்து, கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம். டெல்லிக்கு வேறொரு கூட்டத்துக்கு வந்து சாணக்யபுரியில் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தவரை டீச்சர்தான் பேசிப் பிடித்து எங்களுக்காக ஒரு மதியம் வாங்கியிருந்தார்.

நான் புத்தகத்தை முழுதாகப் படித்திருந்தேன். எனக்கு நேரம் இருந்தது. கேள்வி யோசிப்பதற்கும் நேரம் இருந்தது. பட்டாணி சீசன். காய்கறி வண்டிக்காரர் தராசில் போடும்போதே, "பஸ் இத்னா, ஆன்ட்டி?" என்று ஒரு தடவை கேட்பார். இவ்வளவுதானா என்று. அந்த இவ்வளவை பால்கனி வெயிலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே யோசிப்பேன். பஸ்ஸில் மீன் நாற்றம் என்று ஆட்கள் எழுந்துபோனபோது உங்களுக்கு எப்படி இருந்தது? ராத்திரி யார் வீட்டில் படுத்தீர்கள்? அவர்கள் உங்களைப் பற்றி என்ன கேட்டார்கள்? ஒவ்வொன்றும் யோசிக்கும்போது நன்றாக இருக்கும். டீச்சர் முகத்தை நினைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி இருக்கும்.

உண்மையில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

புத்தகத்தில் ஒரு அம்மா வருகிறார். தனியாக இருப்பவர். ஒரு காது கேட்காது. எழுத்தாளர் அவர் வீட்டுக்குத்தான் அதிக நாள் போயிருக்கிறார். கடைசி நாள் கிளம்பும்போது அந்த அம்மா, "அடுத்த மொற சும்மா வா மக்கா. அந்தப் பொட்டிய வெச்சிட்டு வா," என்கிறார். பெட்டி என்றது பேச்சைப் பதிவு செய்கிற கருவியை. அதோடு அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயம் ஐஸ் கம்பெனிகளைப் பற்றி. நான் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தேன். கடைசியில் நன்றி சொல்லியிருக்கிற பக்கம்வரை பார்த்தேன். திரும்பப் போனாரா என்று எங்கேயும் இல்லை.

அது எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கணவர் இறந்த அடுத்த வருடம் ஒரு கல்லூரிப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்த தமிழ்ப் பெண்களைப் பற்றி ஏதோ ப்ராஜெக்ட். இங்கேயே பிறந்த பெண், தமிழ் தத்தித் தத்தி வரும். "ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் டே எப்படி இருந்துச்சு, அச்சே ஸே சொல்லுங்க," என்பாள், நன்றாகச் சொல்லுங்கள் என்று. அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. முதல் குளிர்காலத்தில் துணி நாள் கணக்கில் காயாமல் தொங்கியதையும், அந்த ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு நான் அழுததையும், அவர் ஆபீஸ் விட்டு வருவதற்குள் முகம் கழுவியதையும் அவளிடம்தான் முதல்முதலில் சொன்னேன். அவள் சில மதியங்கள் வந்தாள். அவள் வருகிற அன்று நான் காலையிலேயே டிஃபனுக்கு ஊறவைத்துவிடுவேன். கடைசியாகப் போனபோது, "நெக்ஸ்ட் வீக் வரேன் ஆன்ட்டி, சும்மா, பேசறதுக்கு," என்றாள். வரவில்லை. நான் ஒரு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீலமாகக் காட்டியது.

அதனால் டீச்சருக்கு இப்படி அனுப்பினேன்: அந்தக் காது கேட்காத அம்மா வீட்டுக்கு நீங்கள் திரும்பப் போனீர்களா?

மறுநாள் டீச்சர் போன் செய்தார். "நீ நல்லாப் படிச்சிருக்கேம்மா. ஆனா போனேன், இல்ல போகலைன்னு சொல்லிட்டு அவங்க முடிச்சிருவாங்க. கொஞ்சம் பெரிசாக்கி அனுப்பறேன், நீயே வாசி."

"வேற யாராவது..."

"நீதான் வாசிக்கணும். எத்தனை நாளைக்கு டம்ளரே கழுவுவே?"

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. சரிங்க டீச்சர் என்றேன். டீச்சர் செய்தது என் நன்மைக்குத்தான். வந்த கேள்வி இது: களப்பணி முடிந்தபின், தங்கள் நூலில் இடம்பெறும் மனிதர்களுடனான உறவைத் தாங்கள் எவ்விதம் பேணுகிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. எழுத்தாளருக்கு நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். குளிருக்குப் பழகாதவர். யாரோ கொடுத்த சால்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தபோது போனைப் பார்த்தே வாசித்தேன். "பேணுகிறீர்கள்" என்கிற சொல்லை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

"முக்கியமான கேள்வி," என்றார் அவர். பிறகு நிறையச் சொன்னார். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டியது, பேரை மாற்றியது, புகைப்படத்துக்கு அனுமதி கேட்டது, எழுதுகிறவருக்கு உள்ள பொறுப்பு. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைத் தட்டி, "கலக்கிட்டீங்க," என்றாள். நான் அந்த அம்மா பேச்சில் எப்போது வருவார் என்று காத்திருந்தேன். பொறுப்பு என்ற சொல் பல தடவை வந்தது. அந்த அம்மா வரவில்லை. அதற்குள் அடுத்த கேள்வி ஐஸைப் பற்றி ஆரம்பித்துவிட்டது.

கூட்டம் முடிந்து எல்லோரும் தட்டை எடுத்தபோது எழுத்தாளருக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். கூப்பிட்ட டாக்ஸி பின்பக்க கேட்டுக்குப் போய் நின்றுவிட்டது. அந்த கேட் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். டிரைவர் போனில் கத்துகிறார், இவருக்கு ஹிந்தி தெரியாது. டீச்சருக்கு முழங்கால் வலி. நான்தான் கையில் தட்டு இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

கீழே போய் முன் கேட்டில் நின்றுகொண்டு அவர் போனை வாங்கிப் பேசினேன். "பையா, பீச்சே வாலா கேட் பந்த் ஹை. கூம் கே ஆகே ஆயியே." சுற்றிக்கொண்டு வருகிறேன் என்றார் டிரைவர்.

"ஹிந்தி நல்லாப் பேசறீங்களேக்கா," என்றார் எழுத்தாளர்.

"காய் வாங்கற ஹிந்தி."

அவர் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியில்லாததால் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அந்தக் காது கேக்காத அம்மா... சும்மா வான்னு சொன்னாங்களே. போனீங்களா?"

எந்த அம்மா என்று அவர் கேட்கவில்லை. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இல்லக்கா."

பிறகு அவரே சொன்னார். "அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அவங்க தெரு முனையத் தாண்டித்தான் வண்டி போச்சு. இறங்கல. கேக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லையே. எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டேன். போய் உக்காந்து என்ன பேசறது?"

"இன்னிக்கு என்ன மீனுன்னு கேக்கலாம்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. "இப்ப போனா கோவிச்சுக்குவாங்களோ?"

என்னைக் கேட்டார். இதற்கு மட்டும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கோவிச்சுக்குவாங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிட்டுத்தான் கோவிச்சுக்குவாங்க."

டாக்ஸி திரும்பி வந்தது. கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார். "இதை ஏன்க்கா மேல கேக்கல நீங்க?"

"கேட்டேனே. நான்தான் கேட்டேன்."

"அதுவா இது?" என்றார்.

வண்டி போனபின் மேலே போனேன். டாக்ஸி வந்துச்சா என்று டீச்சர் கேட்டார். வந்துச்சு என்றேன். எல்லோரும் என் கேள்வியைப் பாராட்டினார்கள். அதற்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது, ஆனால் ஆட்டினேன். போகவில்லை என்று அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்குச் சொன்ன பதில். வீட்டுக்கு வந்த பிறகு யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. மகனுக்குப் போன் போட்டேன். ஆபீஸ் காலில் இருக்கிறேன்மா என்றான்.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கும் கேள்விகள் தீர்ந்துதான் போயிருக்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. அப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தது அவள் இல்லை, அவள் கேள்விகள்தான் என்று தெரிந்ததுதான் மிச்சம்.

எழுத்தாளர் ஊருக்குத் திரும்பி மாதங்கள் ஆகின்றன. ஒருவேளை போயிருக்கலாம். போய், திட்டு வாங்கி, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அடுத்த புத்தகம் வந்தால் வாங்கிப் படிப்பேன். ஆனால் அதில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டி இல்லாமல், கேள்வி இல்லாமல் போன ஒரு மதியத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?