ரவிக்கையின் உள்பக்கம்

சுலக்ஷனா என் அக்காள் வேலாயியின் மூத்த மகள். பிறப்பு 1996 மார்ச், நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். 2015 முதல் ஹட்டனில் ஜமால்தீனின் தையற்கடையில் வேலை. 2017இல் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினாள். வீட்டார் கேஸ்ட்ரிக் என்றார்கள். அடுத்த காம்பராவில் குடியிருந்தவர்கள் கண்ணேறு என்றார்கள். அது உணவு தொடர்பான மனநோய் என்று கண்டியில் ஒரு மருத்துவர் கண்டறிந்தார். 2018 ஆகஸ்டில் சிகிச்சை முடிந்தது. அப்போது நடந்த ஓர் ஆய்வில் அவளையும் சேர்த்திருந்தார்கள். ஓராண்டு கவனித்து, 2019 ஆகஸ்டில் ‘குணமடைந்தவர்’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

இவ்வளவும் தாள்களில் உள்ளவை. தாளில் இல்லாதது, நோய் திரும்பி வந்தது. 2020 மார்ச் தொடக்கத்தில் அவளே பஸ் ஏறிப் போய் அதே மருத்துவரிடம் மறுபடி சிகிச்சை பெற்றாள். கோப்பு மூடிய பின் நடந்ததால் அது யாருடைய கணக்கிலும் சேரவில்லை.

2024 ஜூனில் ஜிப்ரியா என்ற ஆய்வாளர் பழைய பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். புதிய ஆய்வொன்றைத் திட்டமிட மருத்துவர்கள் கூடுகிறார்கள். முழுதாகக் குணமடைந்தவர் என்ற முறையில் வந்து பேச முடியுமா என்று கேட்டார். வேலாயிக்குப் பெருமை தாளவில்லை. கூடப் போவதற்கென்று தனக்கும் ஒரு புடைவையை எடுத்து வைத்துவிட்டார். நோய் திரும்பியதைச் சொல்லப் போகிறேன் என்று மகள் சொன்னதும்தான் முகம் மாறியது.

“கொணமான புள்ளன்னு எழுதிட்டாங்க. அத ஏன் நீ போயி கெளறணும்?”

“அத நம்பித்தானேம்மா இன்னொரு புள்ளையையும் ஒரு வருஷம் போதும்னு விட்டுருவாங்க,” என்றாள் சுலக்ஷனா.

வேலாயி புடைவையைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை.

நோய் திரும்பிய செய்தியை அவளிடம் கேட்ட ஜிப்ரியா, எந்த மாதத்தில் திரும்பத் தொடங்கியது என்று கேட்டார். மாதம் தெரியாவிட்டால் கூட்டத்தில் அது வெறும் பேச்சாகப் போய்விடும் என்றும் சொன்னார்.

“ஞாபகம் இல்லீங்க மிஸ். ஆனா ஜாக்கெட்டு இருக்கு.”

நோய் திரும்பிய அந்த நாள்களில் உடம்பு இளைத்தது யாருக்கும் தெரியாதிருக்க, தன் தவிட்டு நிற ரவிக்கையைக் கடை மெஷினிலேயே உள்பக்கமாகப் பிடித்துப் பிடித்துத் தைத்திருந்தாள். நூலை மாற்றினால் கவனித்துவிடுவார்கள் என்று, மெஷினில் எந்த நூல் இருந்ததோ அதிலேயே தைத்தாள். மூன்று வரிகள்: வெள்ளை, சிவப்பு, நீலம். எந்த மாதம் எந்த நூல் ஓடியது என்பதை ஜமால்தீன் சொல்லிவிடுவார். வெள்ளை, டிசம்பரில் பள்ளிச் சீருடை. சிவப்பு, பொங்கலுக்கு ஒரு நடனக்குழுவின் பாவாடை. நீலம், பெப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்கான உடுப்பு.

ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தவருக்கு வேறொரு கவலை. “தவிட்டுத் துணியில வெள்ள நூலு. இத டாக்டர்மாருக்கிட்ட காட்டி என் கடைப் பேர கெடுக்காத புள்ள.”

“ஒங்க கடைன்னு சொல்ல மாட்டேன், நானா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

ஆக, நோய் திரும்பியது 2019 டிசம்பரில். கோப்பு மூடி நான்கே மாதம்.

கூட்டத்தில் ரவிக்கை கைமாறிக் கைமாறிப் போயிற்று. மூத்த மருத்துவர் ஒருவர், இப்படி எத்தனை பேருக்குத் திரும்பியிருக்கும் என்று கேட்டார். தமக்கே தெரியாது, ஓராண்டுக்குப் பின் யாரும் பார்த்ததே இல்லை என்று ஜிப்ரியா ஒளிக்காமல் சொன்னார். ஒரு ரவிக்கையை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அது காட்டுகிறது என்றார். ‘அண்மையில் உடுப்பைப் பிடித்துத் தைத்தீர்களா’ என்ற கேள்வி அன்றே வினாத்தாளில் ஏறியது. அந்த மூத்த மருத்துவர் தம் மனைவிக்கு இரண்டு ரவிக்கை சுலக்ஷனாவிடமே தைக்கக் கொடுத்தார். துணிக்கேற்ற நூலில் தைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

சுலக்ஷனா இப்போது மதியத்தில் ஜமால்தீனின் மனைவி ஆமினா உம்மாவோடு கடையிலேயே சாப்பிடுகிறாள். குழம்பில் உப்புக் குறைந்தால் சண்டை பிடிக்கிறாள். நோய் இனி வரவே வராது என்று அவள் சொல்வதில்லை. புதிய ஆய்வில் முதல் பெயராகத் தன்னைப் பதிந்திருக்கிறாள்.

பழைய ஆய்வு கவனித்த காலம், ஓர் ஆண்டு. புதியதில், ஐந்து ஆண்டுகள்.