வென்டலினும் எழுநூறு கலோரியும்

வென்டலின் ஹுப்ஃபருக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. ஆனால் யார் கேட்டாலும் தன்னைத் தீயணைப்புக்காரர் என்றுதான் சொல்வார். ஊர்த் தீயணைப்புப் படையில் அவர் சம்பளமில்லாத தொண்டர். மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு புகைக்குள் முதலில் நுழைகிறவர். பதினெட்டு வருஷமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த வசந்தத்தில் மருத்துவப் பரிசோதனை காலை வாரிவிட்டது. மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைக்காவிட்டால் கருவியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கெஸ்ட்னர் அம்மாள் சொல்லிவிட்டார். சாப்பிடுவதை எல்லாம் நோட்டில் எழுதி வரவும் சொன்னார்.

வென்டலின் யோசித்தார். ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த பன்றிக்கறியான வியாழக்கிழமை ஷ்னிட்சலை விடுவது நடக்காத காரியம். ஊர் உணவு விடுதிக்காரர் தட்டுக்கு வெளியே தொங்கும் அளவில் பொரித்துப் போடுவார். வேண்டாம் என்றால் உடம்புக்கு என்ன என்று ஊரே விசாரிக்கும். ஒரு ஷ்னிட்சலுக்கு எழுநூறு கலோரி என்று எங்கோ படித்தார். குற்றவாளி மேலே இருக்கும் ரொட்டித்தூள்தான் என்று தீர்ப்பெழுதி, அதை மட்டும் உரித்து ஓரமாக வைத்துவிட்டுப் பன்றிக்கறியைத் தின்றார். உருளைக்கிழங்கு சாலட்டைக் காய்கறியில் சேர்த்தார். தன் மன உறுதியைப் பார்த்துத் தனக்கே மரியாதை வந்தது என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

மூன்று மாதம் கழித்து, எடை குறைந்திருந்தது வெறும் அறுநூறு கிராம். டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"பியர் எங்க எழுதியிருக்கீங்க?"

"அது தாகத்துக்குக் குடிக்கிறது, டாக்டரம்மா. அதையும் எழுதணுமா?"

தினமும் மூன்று என்று தெரிந்ததும் டாக்டர் நோட்டை மூடி, கையெழுத்துப் போடாமலே தகுதிச் சான்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

கோடையில் தீயணைப்புப் படையின் திருவிழா வந்தது. தலைவர் ஓட்மார் அவரை ஷ்னிட்சல் பொரிக்க நிறுத்தினார். இந்தப் பண்டத்தை என்னைவிட ஆழமாக ஆராய்ந்தவன் எவனுமில்லை என்று வென்டலினே சொல்லிக்கொண்டார். சட்டிக்கு முன்னால் ஒரு பலகையும் வைத்தார்: 'ஒன்றுக்கு எழுநூறு கலோரி. பியர் தனி.' படித்தவர்கள் சிரித்துவிட்டு இரண்டு கேட்டார்கள்.

மதியம் சைரன் ஊதியது. வென்டலின் கரண்டியோடு ஓடி வண்டிப் படியில் கால் வைத்தார். ஓட்மார் மெதுவாகத் தோளைத் தொட்டார்.

"நீ இல்லப்பா. சட்டியப் பாரு, தீஞ்சுடும்."

திரும்பி வந்தார். வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், நீ போகவில்லையா என்று கேட்டார்.

"நான் போனா வாசல்ல மாட்டிக்குவேன். அப்புறம் என்னை இழுக்க இன்னொரு வண்டி வரணும்."

வரிசையே சிரித்தது, அவரும் சிரித்தார். உள்ளே வெட்கமாக இருந்தது. அவர் கண்ணெதிரே அவர் இல்லாமல் அந்த வண்டி கிளம்பியது அதுவே முதல் தடவை. சத்தம் தேயும்வரை அவர் எதையும் புரட்டவில்லை. சட்டியில் இருந்த ஐந்தும் கருகிப்போயின.