செல்லையா மாமா காத்திருந்த இரண்டு வாரம்

"இதுக்காகக் காத்திருக்காதீக மாமா" என்று அன்று நான் சொல்லவில்லை. ஆமத்தூரில் அவர் வீட்டில், ஸ்கேன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேசியபோது சொல்ல வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

செல்லையா மாமா இறந்துவிட்டார் என்று போன வாரம் அப்பா போனில் சொன்னபோது, முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். அப்பாவின் நண்பர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அவர் எவ்வளவு எச்சரிக்கையான மனிதர் என்பதை அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சீசனில், ஆனைக்குட்டம் பக்கம் வானம் கறுத்ததைப் பார்த்து, மின்னல் விழுந்தால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும் என்று எல்லா அறைகளிலிருந்தும் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டார். லோடு ஏற்ற லாரி காத்து நின்றது. மழையும் வரவில்லை, இடியும் இடிக்கவில்லை.

"செல்லையாண்ணே, இடி உங்க காதுக்கு மட்டும் கேட்டுச்சோ?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார்.

"கேட்ட பெறகு ஓட முடியாதுய்யா" என்றாராம் மாமா.

அப்படிப்பட்டவருக்கு, இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி வயிற்றுப் பகுதியில் பலூன் போலப் புடைத்திருந்தது. வெடித்தால் பிழைப்பது கடினம், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். நான் அந்த நோயில்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களை ரத்தத்தில் செலுத்தினால், குழாயின் சுவரில் நார் சிதைந்த இடத்தில் அவை போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சுமந்து சென்ற மருந்தையும் அங்கேயே விடும். எங்கள் ஆய்வகத்து எலிகளில் புடைப்பு வளரும் வேகம் குறைந்திருந்தது. அப்பா இதைப் பெருமையாக அவரிடம் சொல்லிவிட்டார்.

பட்டாசில் ஒரு புது ரகத்தை வெடித்துப் பார்த்து, சரியாக இருந்தால் அடுத்த சீசனுக்குக் கடைக்கு வந்துவிடும். மாமா அப்படித்தான் கணக்குப் போட்டார்.

"சாம்பிள் ஓகே ஆயிருச்சுல்ல தாயி? அடுத்த தீவாளிக்குள்ள வந்துரும். அதுவரைக்கும் வயித்துல கத்தி வைக்க வேண்டாம்."

"எலிக்குப் பார்த்த வைத்தியம் இவுகளுக்கு வேணுமாம்" என்றார் அவர் மனைவி பேச்சி அத்தை.

"ஏன், எலிக்கு மட்டும் ரத்தம் வேற கலரா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னை அவர்கள் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. பேசாமல் காபி குடித்தேன்.

இரண்டு வாரம் அது என்னை அரித்தது. பிறகு பஸ் பிடித்து ஆலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம்; மாமா தூக்குவாளியோடு கேட்டுக்கு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் நின்றபடியே சொன்னேன்.

"மனுசங்களுக்கு வர எத்தனை வருசமாகும்னு எனக்கே தெரியாது மாமா. வராமலும் போகலாம். ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீக."

அவர் தூக்குவாளியின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"எல்லாரும் சந்தோசமா இருந்தீக."

"சரி விடு. எனக்கும் கத்தின்னா பயம். ஒன்னையச் சாக்கா வச்சுக்கிட்டேன்." சற்றுக் கழித்து, "அத்தைகிட்டச் சொல்லிராத" என்றார்.

அத்தையிடம் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் சிரிப்பார் என்று நம்புகிறேன்.

எங்கள் துகள்கள் இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை. இப்போது யாராவது என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால், அதைத்தான் முதலில் சொல்கிறேன். அவரிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது இந்தப் பழக்கம்.

வேப்பமரத்தடியில் பேசிய அந்த மாதமே மதுரையில் மாமாவுக்கு, தொடை வழியாகக் குழாய் செலுத்திப் புடைத்த இடத்துக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். அதன்பின் ஆறு வருடம் இருந்தார். ஐந்து வருடம் வேலைக்கும் போனார்.