வீட்டு எண் கேட்ட நாள்

ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்து உட்கார்ந்திருந்த அம்மா, நான் கேட்ட ஒரே கேள்வியில் அதை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்போது ரஷ்யாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். போரில் வீடிழந்து வந்தவர்களுக்கான தொண்டு மருந்தகம் ஒன்றில் ஞாயிறுதோறும் உதவுவேன். அந்த அம்மா தன் ஊரில் டிராம் ஓட்டியவர். நான்கு நாளாக இன்சுலின் இல்லாமல் வந்திருந்தார். "வீட்டு எண் என்ன?" என்றுதான் கேட்டேன்.

பெயர் மட்டும் போதும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஆனால் இலங்கையில், கந்தப்பளைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில், "எத்தனையாம் லயம், எந்தக் காம்பரா?" என்று தொழிலாளர் வரிசை வீட்டையும் அதில் அறையையும் கேட்டு, பதில் வந்த பிறகே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா தலை நிமிர்வார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

இப்போது கேட்பதில்லை. சென்ற மாதம் கொத்மலையில், மண்சரிவுக்குப் பின் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களைப் பார்க்க மருத்துவராகப் போனேன். ஓர் அக்கா முந்திக்கொண்டார்: "எழுதிக்கோங்க டாக்டரம்மா, ஏழாம் லயம். இப்ப அங்க மண்ணுதான் குடியிருக்கு."

"அது கெடக்கட்டுங்கக்கா. புள்ளைக்கு எத்தன நாளா காய்ச்சல்?" என்றேன்.

இப்படிக் கேட்க வைத்தவர் அந்த டிராம் அம்மாதான். அன்று கோட்டுகூடப் போடாமல் பனியில் அவர் பின்னால் ஓடினேன். இன்சுலின் போடாமல் இன்னொரு நாள் தாங்குவாரா என்பது எனக்குத் தெரியவில்லை. டிராம் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"எண் இருக்கிறது, வீடுதான் இல்லை. முகவரி கேட்டே என்னை நிறையப் பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீயும் அனுப்பு" என்றார்.

"எங்கள் லயத்துக்கும் எண் உண்டு. வீடு தோட்டத்துக்காரருடையது. வேலை போனால் அதுவும் போகும்" என்றேன், தப்புத் தப்பான ரஷ்ய மொழியில்.

ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியானால் கேட்டதற்கு நீ வெட்கப்பட வேண்டும்."

"படுகிறேன். ஊசி போட்டுக்கொண்டு திட்டுங்கள்."

டிராம் வந்தது, கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. ஓட்டுநரை முறைத்தார். "வளைவில் மணி அடிக்கத் தெரியவில்லை, இவனெல்லாம் ஓட்டுகிறான்" என்று முணுமுணுத்துவிட்டு, எனக்கு முன்னால் மருந்தகத்தை நோக்கி நடந்தார்.