கூறு போட்ட குடில்

போன வாரம் ஒரு பார்சல் வந்தது. மகள் செல்போனில் பார்த்து ஆர்டர் போட்ட கிறிஸ்துமஸ் குடில் செட். பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு சொரூபமாக எடுத்து மேசையில் அடுக்கினாள். மாதா இருந்தார், பாலன் இயேசு இருந்தார், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் வந்துசேர்ந்துவிட்டார்கள். மாதாவின் கணவர் சூசையப்பரை மட்டும் காணோம். அட்டை, பஞ்சு, பொதிந்திருந்த காகிதம் என எல்லாவற்றையும் உதறிப் பார்த்தாயிற்று. ஆளே இல்லை.

"என்னம்மா இது, ரிட்டர்ன் போட்டுர்றேன்" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கானால் சிரிப்பு தாங்கவில்லை. சூசையப்பர் இல்லாத குடிலில் வளர்ந்தவள் நான். அந்தக் கதையை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக் காதைத்தான் எனக்குக் கொடுத்தாள், மீதி போனுக்கு. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது கேளுங்கள்.

எங்கள் ஊர் தங்கச்சிமடம். ராமேசுவரம் தீவில் குளிர் என்றால் மலை ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மார்கழியில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் பல் தேய்க்கக்கூடத் தண்ணீரைத் தொட மனசு வராது. மூக்கு ஒழுகாத பிள்ளையே தெருவில் இருக்காது. ஈர மணல் வாசனை, டீசல் வாசனை, ஏதாவது ஒரு வீட்டில் அச்சு முறுக்கு எண்ணெயில் இறங்கும் வாசனை மூன்றும் சேர்ந்து வந்தால் அரையாண்டு லீவு விட்டாயிற்று என்று அர்த்தம். எனக்கு இன்றைக்கும் டீசல் வாசனை வந்தால் முறுக்கு தின்ன வேண்டும் போலிருக்கும். பெட்ரோல் பங்கில் நின்று நாக்கில் எச்சில் ஊறுகிற பெண்பிள்ளை ராமநாதபுரத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

லீவு விட்டதும் முதல் வேலை குடில்தான். சிமெண்டுப் பையைக் கசக்கிக் கரியும் நீலமும் பூசினால் மலை தயார். பழைய பால் டப்பாவில் கேழ்வரகு விதைத்து வளர்த்தால் பச்சைப் புல். ஒரு வருசம் வைக்கோல் கிடைக்காமல் கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளிவந்து தொழுவத்தில் பரப்பினேன். இரண்டே நாளில் நாற்றம் குடலைப் புரட்டியது. "மாட்டுத் தொழுவம்னா நாறத்தான செய்யும்" என்று வாதாடினேன். அம்மா வாரியலைத் தூக்கினாள். பாசி கடலுக்கே போய்விட்டது.

எங்கள் தாத்தா வாங்கிவைத்த சொரூபங்கள் அவை. சுண்ணாம்பில் செய்து வர்ணம் அடித்தவை, ஒரு சாண் உயரம். தாத்தா இருந்தவரை எங்கள் அய்யாவும் சித்தப்பாவும் ஒரே வல்லத்தில் கடலுக்குப் போய், ஒரே வலையை வீசி, ஒரே குடில் வைத்தார்கள். தாத்தா காலமானதும் வீட்டை நடுவில் ஓலைவேலி அடைத்துப் பிரித்தார்கள். சாமான்களைப் பிரிக்கிற நாளில்தான் வினை வந்தது.

கரையில் மீன் பங்கு போடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. எத்தனை பேருக்குப் பங்கோ அத்தனை குவியல் வைப்பார்கள். அதற்குப் பெயர் கூறு. பிறகு ஒருவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார்கள். அவர் பார்க்காமல் ஒரு பெயர் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். சின்ன மீன் விழுந்தது, நண்டு விழுந்தது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. மீனுக்கு இது நல்ல வழிதான். எங்கள் ஆட்கள் வீட்டுச் சாமானுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

முற்றத்தில் இரண்டு கூறு. வல்லத்தைத் தூக்கிவந்து குவிக்க முடியாதே, அதனால் அதற்கு அடையாளமாக ஒரு கூறில் துடுப்பை வைத்தார்கள். மறு கூறில் வலைகள் அத்தனையும். அண்டா, குண்டான், கட்டில் எல்லாம் பிரிந்த பிறகு கடைசியில் குடில் பெட்டி வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் யோசனையே இல்லாமல் சொரூபங்களை மாற்றி மாற்றி வைத்தார். மாதா இந்தப் பக்கம், சூசையப்பர் அந்தப் பக்கம். மாடு இங்கே, கழுதை அங்கே. பாலன் இயேசு துடுப்போடு சேர்ந்தார். புருசன் பெண்சாதியைப் பிரிக்கிறோமே என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

திரும்பி நின்று பெயர் சொல்ல ஒரு பச்சைப்பிள்ளை வேண்டும் என்றார்கள். என்னை நிறுத்தினார்கள். எனக்கு ஆறு வயசு. சுவரைப் பார்த்துக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"இது யாருக்குத்தா?"

உங்களிடம் மறைப்பானேன். நான் பார்த்தேன். கையைக் கொஞ்சம் தூக்கிக் கக்கத்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெரியவரின் விரல் பாலன் இயேசு இருந்த கூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. "எங்க அய்யாவுக்கு!" என்று கத்தினேன். துடுப்பு என்றால் வல்லம் என்று எனக்கு எங்கே தெரியும்? எனக்கு வேண்டியது அந்தக் குழந்தை, அவ்வளவுதான்.

சித்தப்பா எழுந்து போனார். சித்திதான் எங்கள் அம்மாவைப் பார்த்து, "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீக பிள்ளைக்கு" என்றார். அம்மா பதிலுக்கு ஏதோ சொன்னாள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். அய்யாவிடம் வல்லம் இருந்தது, வலை இல்லை. சித்தப்பாவிடம் வலை இருந்தது, வல்லம் இல்லை. இவர் கண்டவர் வலையை இரவல் கேட்டுத் திரிந்தார். அவர் தன் வலையை மூலையில் குவித்துவிட்டு அடுத்தவர் விசைப்படகில் கூலிக்குப் போனார். குடிலும் அதே கதிதான். எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட இடையரைப் பிடித்துச் சூசையப்பர் வேலையைக் கொடுத்தாள் அம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் மாதா இல்லாததால் சித்தி, பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கிற வேறொரு மாதா சொரூபத்தை வைத்தார். குடில் பார்க்க வந்த எங்கள் கோயில் பங்குச்சாமியார், "இன்னும் கிறிஸ்துமஸே வரல, அதுக்குள்ள கைக்குழந்தையா?" என்று கேட்டுவிட்டாராம். வேலி இடுக்கு வழியாகத் தம்பி செல்வம் சொன்னான். செல்வம் சித்தப்பா மகன். பேசக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் முன்னைவிட அதிகமாகப் பேசினோம்.

ஆனால் எனக்குள் ஒரு முள் கிடந்தது. சித்தப்பா கூலிக்குப் போய்விட்டு நனைந்த லுங்கியோடு எங்கள் வாசலைத் தாண்டும்போது இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். முன்னெல்லாம் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கரைக்குப் போனவர். நான் பார்த்ததால்தானே இப்படி ஆனது என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வெளியே சொன்னால் அய்யா தோலை உரித்துவிடுவார் என்று பயம்.

மூன்று வருசம் இப்படியே போனது. எனக்கு ஒன்பது வயசு, முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். சாமியிடம் சொல்லிவிட்டேன். "மாதாவையும் சூசையப்பரையும் பிரிச்சுட்டேன் சாமி."  உள்ளேயிருந்து இருமுவது போல ஒரு சத்தம். அது இருமல் இல்லை என்று இப்போது புரிகிறது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். மூன்றே மூன்று! பொய் சொன்னதற்கே ஐந்து கொடுத்தவர். எனக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய பாவம் இவ்வளவு லேசாகக் கழியுமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் மாதாவையும் பாலன் இயேசுவையும் பாவாடையில் சுற்றிக்கொண்டு வேலியைச் சுற்றி அந்த வீட்டுக்குப் போனேன். சித்தப்பா வாசலில் உட்கார்ந்து பிய்ந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நான் பாத்துட்டேன்."

"என்னத்தப் பாத்த?"

"கூறு போட்டப்ப. கக்கத்து வழியாப் பாத்தேன்."

அவர் கை நின்றது. "ஒங்கய்யா சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல. அய்யாவுக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் பாலன் ஏசு வேணும்னு பாத்தேன்." பாவாடையை விரித்துக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. "இந்தாங்க, நீங்களே வச்சுக்கங்க."

சித்தப்பா என்னையே பார்த்தார். "வேற யாரும் சொல்லலியே? சத்தியமா?" என்று இன்னொரு தடவை கேட்டார். தலையை ஆட்டினேன். எழுந்து உள்ளே போனவர், சூசையப்பரைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தார். மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அய்யா முற்றத்தில் கம்பில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று சித்தப்பா, "அண்ணே" என்றார். நட்சத்திரம் நழுவி அம்மா காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசைக்குள் விழுந்தது.

"பிள்ள ஒரு சேதி சொல்லுச்சு. நீங்களே கேளுங்க."

மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு பொங்கல்வரை கன்றிக் கிடந்தது. அய்யா அடிக்கவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தக் கூறு செல்லாதுடா" என்றார். "பாத்துப் போட்ட கூறு கூறே இல்ல. பெரியாளுகளக் கூப்பிடு. மறுகூறு போடுவோம். ஒனக்கு விழுந்தா வல்லத்த எடுத்துட்டுப் போ."

"ஐயோ, மறுபடியும் கூறா? ஒரு தடவ போட்டதே போதும்ணே." சித்தப்பா சூசையப்பரை அய்யா பக்கத்தில் வைத்தார். "மூணு வருசமா நீங்கதான் சொல்லிக் குடுத்தீகன்னு நெனச்சுட்டேன். எங்கண்ணனா இப்பிடிச் செஞ்சாருன்னு நெனச்சு நெனச்சே வெந்துட்டேன். வல்லம் போனதுகூட எனக்குப் பெருசில்ல."

அய்யா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது போலச் சொன்னார்: "வல்லம் இன்னும் வடகடல்லதான் வாடக்காத்துல கெடந்து அடிபடுது. ஐப்பசியிலயே தெக்க மாத்தியிருக்கணும், ஆள் அமையல. நமக்குத் திருநா முடிஞ்சதும் மாத்தணும். வாரியா?"

"வலையையும் ஏத்திக்கிட்டு வாரேன்."

அந்த வருசம் எங்கள் வீட்டில் ஒரே குடில். இடையருக்கு அவருடைய ஆட்டு வேலை திரும்பக் கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் விடிந்ததும் வல்லத்தைத் தள்ளினார்கள். பாம்பன் பாலத்துக்கு அடியில் புகுந்து தென்கடலுக்குப் போக வேண்டும். அங்கே நீரோட்டம் பொல்லாதது. வல்லம் கரையை விட்டு நகரவில்லை, அதற்குள் இரண்டு பேருக்கும் எந்த நேரத்தில் பாலத்தைத் தாண்டுவது என்று தகராறு. "ஒனக்கு என்ன தெரியும்" என்று இவர் கத்த, "எல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியுமோ" என்று அவர் கத்த, கரை முழுக்கக் கேட்டது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியாடி? சண்ட போடுறாக!" அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்தில் சித்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றார்.

அந்த வல்லத்தை எப்போதோ உடைத்துவிட்டார்கள். அய்யாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. கரையில் கூறு வைக்கிறவர்கள் அருகிவிட்டார்கள், எல்லாம் தராசும் ஏஜெண்டும்தான். நடுவில் அடைத்த ஓலைவேலியை அந்தத் தை மாதமே பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள். செல்வம் இப்போது இரண்டு வீட்டையும் சேர்த்து ஒன்றாகக் கட்டியிருக்கிறான்.

போன டிசம்பரில் அங்கே போயிருந்தபோது அவன் பிள்ளைகளை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். வேலி எந்த இடத்தில் இருந்தது என்று கூடத்தில் நடந்தே காட்டினேன். அவர்களுக்கு நினைவு தெரிந்த நாளாகத் தாத்தாக்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டில் முறுக்கை நொறுக்கிக்கொண்டு கத்திப் பேசினவர்கள். சின்னவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க தாத்தாவும் பெரிய தாத்தாவும் பேசாம இருந்தாகளா? மூணு வருசமா? சும்மா கத விடாதீங்கத்த."