மின்சாரம் இல்லாத புதன்கிழமை

எங்கள் பள்ளியின் வெப்பநிலைப் பதிவேடு ஒன்பது ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு வெப்பமானியைப் பார்த்து எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் சைக்கிளில் போய் எழுதினேன். 1998இல் ஒரு திங்கட்கிழமை, ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் இயற்பியல் ஆசிரியர் அதைப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமையுமா? பூகோள சார், வெயில வீட்டுல பேனாவுக்குள்ளயே வச்சிருக்கீக போல!"

எல்லாரும் சிரித்தார்கள், தலைமையாசிரியர் உட்பட. அன்றே பதிவேடு அலமாரிக்குள் பூட்டப்பட்டது. இனி அது தேவையில்லையாம், சென்சார் வந்துவிட்டது.

கணினி அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சிறு பெட்டி. மணிக்கொரு முறை வெப்பநிலை கணினியில் தானாகப் பதிவாகும். வெள்ளிதோறும் மோடம் கீச்சிட, எங்கள் எண்கள் இணையம் வழியே வேறு ஊர்ப் பள்ளிகளுக்குப் போகும். அவர்களுடையவை இங்கே வரும். பிள்ளைகள் ஒப்பிட்டு வரைபடம் போடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். பொறுப்பு இயற்பியல் ஆசிரியருக்கு.

அவர் பலகையில் ஒட்டிய அட்டவணைகளை வாராவாரம் நகல் எடுத்தேன். ஐந்தாம் வாரம் அகப்பட்டார். புதன்கிழமை, ஒரு மணி நேரம்கூட விடாமல் எண்கள். என் நாட்குறிப்பில் அதே புதன்: 'மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இல்லை.' கணினியின் பேட்டரி கால் மணி நேரம் தாங்கினால் அதிகம்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனியாகச் சொன்னால் தனியாகத்தான் தலைகுனிவார். என்னைப் பார்த்துச் சிரித்தது ஓர் அறை.

இரண்டு மாதம் கழித்துச் சிவகங்கையிலிருந்து கல்வி அதிகாரி வந்தார். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் கணினி அறையில் கூடியிருந்தார்கள். பிள்ளைகள் ஒரு நாளின் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டட்டுமே என்று பணிவாகச் சொல்லி, அந்தப் புதன்கிழமையின் தேதியைக் கொடுத்தேன். ஒரு மாணவி வரைந்தாள். கோடு அழகாக ஏறி இறங்கியது. இயற்பியல் ஆசிரியர் மாப்பிள்ளை போல நின்றார்.

"மத்த ஊரு அட்டவணையில எல்லாம் மாசத்துல ஒரு நாள் காலியா இருக்கே, நமக்கு ஏம்மா இல்ல?" என்று மாணவியிடம் கேட்டேன். "அன்னைக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்துச்சா?"

அவள் யோசித்தாள். "இல்ல சார். அன்னைக்குக் கரண்டு ஷட்டவுனு. சார்தான் எங்கள கிரவுண்டுக்குப் போகச் சொன்னாக."

அதிகாரி திரும்பினார்.

"காலியாக் கெடந்தா நல்லாயிருக்காதேன்னு..." இயற்பியல் ஆசிரியரின் குரல் உள்ளே போய்விட்டது.

"பேனாவுக்குள்ள இருந்துச்சு போல, சார்" என்றேன். இம்முறையும் எல்லாரும் சிரித்தார்கள், தலைமையாசிரியர் உட்பட.

மறுநாள் பதிவேடு என் கைக்கு வந்தது. பூட்டிக் கிடந்த தொண்ணூற்றாறு நாள்களையும் நிரப்பவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் எழுதினேன்: 'இயற்பியல் ஆசிரியரால் பதிவு இல்லை.' தொண்ணூற்றாறு முறை. கை வலிக்கவே இல்லை.